ஆமைகள் எங்கே?

கிள்ளானைச் சேர்ந்த தம்பதியர் விடுமுறையைக் கழிக்கத் திரங்கானுவுக்குச் சென்றனர். பகலில் வெயிலும் கடலும் அவர்களை மகிழ்வித்தன. இரவில் ரந்தாவ் அபாங் கடற்கரையில் தோல்முதுகு ஆமையைக் காணக் காத்திருந்து ஏமாந்தனர்.

1956ஆம் ஆண்டில் இந்த ஆமைகள் அங்கு 10,000க்கும் மேற்பட்ட முட்டைக்குழிகளைத் தோண்டின. இன்று அவை கரைக்கு வருவதே அரிது. மனிதர்கள் முட்டைகளை அள்ளித் தின்றனர். மீன்பிடி வலைகளில் சிக்கியும் ஆமைகள் மாண்டன. சுற்றுப்பயணிகளோ விளக்கொளி பாய்ச்சினர். ஆமையின் முதுகில் ஏறியும் அமர்ந்தனர்.

பார்க்கச் செல்பவரே பார்ப்பதை அழிப்பது முறையன்று. திரங்கானுவில் பச்சை ஆமைகள் இன்றும் கரையேறுகின்றன. அவற்றைக் காண்போர் விளக்கை அணைத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். முட்டைகளை வாங்கவே கூடாது. வாங்குவோர் இருக்கும்வரை அள்ளுவோரும் இருப்பர். பச்சை ஆமைகளையும் இழந்துவிட்டால், அந்தக் கரையில் காத்திருப்பதற்கு எதுவும் இராது.