தூங்குகிற ஓணானை எழுப்பாதீர்கள்

வீட்டில் ஓணான் வளர்க்கிற காலம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், எங்கள் காளவாசலிலேயே ஒரு வீட்டில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியைச் சேர்ந்த பிராணி. ‘பியர்டட் டிராகன்’ என்கிறார்கள், அதாவது தாடிக்கார ஓணான். கோபம் வந்தால் கழுத்துக்குக் கீழே உள்ள முள் தோல் உப்பிக் கறுத்துவிடும், அதுதான் தாடி. நம் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்.

இராமர் தாகத்துக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று கதை சொல்லி, ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்த தலைமுறை நாம். நம் பேரப்பிள்ளைகள் அதன் பங்காளியைக் கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள். எனக்கு இது நல்ல மாற்றமாகத்தான் படுகிறது. ஆனால் மார்கழி மாதம் வந்தால்தான் சிக்கல்.

நன்றாகத் தின்று கொண்டிருந்த பிராணி திடீரென்று கீரையைத் தொடாது, புழுவைத் திரும்பிப் பார்க்காது. பெட்டியின் குளிர்ந்த மூலையில் போய்ப் படுத்துவிடும். சில வாரங்கள், சில சமயம் இரண்டு மூன்று மாதம்கூட அப்படியே கிடக்கும். வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே “சீக்கு வந்துருச்சு” என்று வாயைத் திறந்து ஊட்டப் பார்க்கிறார்கள். என் கருத்தில் இதைவிடக் கெடுதல் வேறில்லை.

அது சீக்கு அல்ல, குளிர்கால உறக்கம். ஆங்கிலத்தில் ‘புரூமேஷன்’ என்கிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘புரூமேர்’ நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் போட்ட நாட்காட்டியில், நம் ஐப்பசியை ஒட்டி வரும் பனிமூட்ட மாதத்தின் பெயர் அது. இரண்டுக்கும் வேர், குளிர்காலத்தைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்தான்.

மதுரையில் ஏது குளிர் என்று கேட்பீர்கள். காளவாசல் என்றாலே செங்கல் சூளை, ஊர்ப் பெயரிலேயே சூடு இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஜூலை மாத இரவு 4, 5 டிகிரிக்கு இறங்கும். நமக்கு மார்கழி இரவிலும் 20 டிகிரி இருக்கும். ஆனாலும் ஆனி மாதத்தைவிட மார்கழியில் பகல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே குறைகிறது. குளிர்ச்சியோடு வெளிச்சம் குறைவதும், உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் சேர்ந்துதான் அதைத் தூங்க வைக்கின்றன. எல்லாப் பிராணிகளும் தூங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊட்டக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அதன் உடம்பில் நம்மைப் போலச் சொந்தச் சூடு கிடையாது. 40 டிகிரி வெப்பமுள்ள விளக்கடியில் காய்ந்தால்தான் தின்றது செரிக்கும். குளிர்ந்த மூலையில் கிடக்கும்போது உள்ளே போன இரை வயிற்றிலேயே அழுகிவிடும். அன்பினால் ஊட்டியதே விஷமாகிவிடும்.

அதற்காக, தூங்குகிறது என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும் கூடாது. தூங்கப் போகும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி, சாணத்தில் குடற்புழு உண்டா என்று பார்த்துவிட வேண்டும். குடல் காலியான பிறகு தூங்குவது நல்லது. தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். குமாஸ்தா புத்தி என்று கேலி செய்தாலும் பரவாயில்லை, பேச முடியாத பிராணிக்கு அந்த நோட்டுதான் வாய். ஒழுங்காகத் தூங்கும் பிராணி அதிகம் இளைக்காது. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, இடுப்பெலும்பு துருத்தினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு வயது நிரம்பாத குட்டி தின்னாமல் படுத்தால் அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

நமக்கு இது புதிய செய்தியும் அல்ல. கோடையில் கண்மாய் வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், தவளை மண்ணுக்குள் போய்விடும். மழை வந்ததும் வெளியே வரும். அவற்றைத் தோண்டி எடுத்து யாரும் சோறு ஊட்டியதில்லை.

பேரன் கேட்டான் என்று வாங்கித் தர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். நட்சத்திர ஆமையும் பச்சைக்கிளியும் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், அவற்றை வீட்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடைசியாக, இரண்டு மாதம் விளையாடாமல், கண் திறக்காமல் கிடக்கிற பிராணியைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். நாளைக்கு நாம் பேசாமல் படுத்திருக்கும் காலத்திலும் அந்தப் பொறுமை அவனுக்கு உதவும்.