தெளிந்த நீரும் தேர்ந்த அளவையும்



கல்கத்தாவின் பெயர் 2001-ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா என்று மாறிவிட்டது. எனினும் நம்மவர் நாவில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. அந்நகரின் தென்புறத்தே புதிதாக வீடு பார்க்கப் புறப்படும் நம் குடும்பத்தினர் வாடகையைக் கேட்பதற்கு முன்பே தண்ணீரைப் பற்றி விசாரிப்பது வழக்கம். "குழாய்க் கிணற்று நீர், கண்ணாடி போல் இருக்கும்" என்று விடை வந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. கண்ணாடி போன்ற நீரைப் பற்றியே தம் வாழ்நாளின் முப்பது ஆண்டுகளைச் செலவிட்ட ஒரு ரசாயன அறிஞரைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறோம். லேக் மார்க்கெட்டிலிருந்து எட்டிவிடக்கூடிய தொலைவிலுள்ள ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமே அவர் பணியாற்றிய இடம். அவர் பெயர் தீபங்கர் சக்கரவர்த்தி.

கதை அவருக்குச் சற்று முன்னரே தொடங்குகிறது. 1983-ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் நோய் மருத்துவராக இருந்த கே. சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகள் சிலரிடம் ஒரே வகையான அடையாளங்களைக் கண்டார். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்துப் பருத்த காய்ப்புகள். இது ஆர்சனிக் நஞ்சு என்று அவர் தெளிந்தார். நம் சித்த நூல்கள் பாஷாணம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது இது. அதை அவர்களுக்கு யாரும் ஊட்டவில்லை. குடிநீரோடு அது உடலில் சேர்ந்திருந்தது.

அயல்நாட்டு ஆய்வகங்களில் பயின்று திரும்பியிருந்த சக்கரவர்த்தி 1988 முதல் இவ்வாராய்ச்சியில் இறங்கினார். அவர் வைத்தியர் அல்லர். நுண்ணளவுகளை அளந்தறியும் பகுப்பாய்வு ரசாயனத்தில் வல்லவர். அந்த வல்லமையே இங்குத் தேவைப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1993-இல் விதித்த அளவு. அதற்கு முன்பு 50 வரை ஏற்கப்பட்டது. பத்து மைக்ரோகிராம் என்றால் ஒரு லட்சம் லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம். நாவுக்குச் சுவையில்லை, மூக்குக்கு மணமில்லை, கண்ணுக்கு நிறமில்லை. நீரிலுள்ள ஆர்சனிக்கை வாயுவாக மாற்றி, சூடேற்றிய குழாய்க்குள் செலுத்தி, அதன் அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ஒளியை எவ்வளவு விழுங்குகின்றன என்று கணித்தே அதனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்விதம் ஒன்றிரண்டு புட்டிகளை அளந்து ஒரு கட்டுரை எழுதி முடிப்பவர் பலர். அவரும் அவருடைய மாணவர்களும் மேற்கு வங்காளத்தின் 19 மாவட்டங்களில் இருபதாண்டுக் காலத்தில் 1,40,150 குழாய்க் கிணறுகளின் நீரை அளந்தனர். அவற்றில் நூற்றுக்கு 48 பங்கில் ஆர்சனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஏறக்குறைய 24 பங்கில் 50-க்கும் மேல். நீரோடு நில்லாமல், குடித்தவர்களின் தலைமயிர், நகம், சிறுநீர் ஆகியவற்றையும் சேகரித்து அளந்தனர். மேனியில் புள்ளி தோன்றாதவர் உடலிலும் நஞ்சு புகுந்திருப்பதை நகத்துண்டு காட்டிக்கொடுத்தது.

ஆறுகளை ஆலைகள் கெடுப்பதை நாம் அறிவோம். கல்கத்தாவின் பெஹாலாவில் அத்தகைய நிகழ்ச்சியும் உண்டு. பாரிஸ் பச்சை என்னும் ஆர்சனிக் சேர்ந்த பொருளைச் செய்த ஒரு தொழிற்சாலையின் கழிவு, சுற்றுப்புறக் கிணறுகளை நஞ்சாக்கியதை அவருடைய குழுவினர் 1993-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். ஆனால் கிராமங்களில் குற்றவாளி என்று சுட்டிக்காட்ட ஆலை ஒன்றும் இல்லை. இமயத்திலிருந்து ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த வண்டலிலேயே ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலத்துக்கடியில் அது எவ்வாறு நீரில் கரைகிறது என்பதில் அறிஞரிடையே நெடிய வாதம் நடந்தது. நீர் இறைக்க இறைக்கக் காற்று உட்புகுந்து கந்தக இரும்புக் கனிமம் சிதைவதே காரணம் என்று சக்கரவர்த்தியின் குழு 1990-களில் கருதியது. வேறு சிலரோ, பிராணவாயு இல்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் இரும்புத் துருவைக் கரைக்கும்போது, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் விடுபடுகிறது என்றனர். இன்று பெரும்பாலோர் ஏற்பது பின்னதையே. காரணத்தைப் பற்றிய கொள்கை மாறியபோதும் அவர் அளந்த எண்கள் மாறவில்லை. அதனை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

இதில் மனத்தை வருத்துவது வேறொன்று. குளத்து நீரைக் குடித்து வாந்திபேதியால் குழந்தைகள் மடிந்த காலத்தில், அவர்களைக் காப்பதற்கென்றே கைப்பம்புகள் ஊரூராக நடப்பட்டன. அந்நோக்கம் நல்லதே, உயிர்கள் பிழைத்ததும் உண்மை. ஆனால் ஆழத்து நீரில் ஆர்சனிக் உண்டா என்று தொடக்கத்தில் ஒருவரும் சோதிக்கவில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத் தோலில் புள்ளியும், பின்னர்ச் சிலருக்குப் புற்றுநோயும் தோன்றின. தொழுநோய் என்று அஞ்சி அயலார் விலகினர். பெண்களுக்கு மணம் தடைப்பட்டது. வங்கதேசத்திலும், 2002-இல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்துச் செம்ரியா ஓஜா பட்டி என்னும் சிற்றூரிலும் இதே கோலத்தை அவர் கண்டார். கங்கைச் சமவெளி முழுவதுமே ஐயத்துக்குரியது என்று எச்சரித்தார்.

அவர் எல்லாருக்கும் இனியவராக நடந்துகொள்ளவில்லை. தலத்திலேயே சோதிக்கும் எளிய கருவிகளைப் பெரும்பொருள் செலவில் பரப்பியபோது, அவை பல கிணறுகளைத் தவறாகத் தரம் பிரிக்கின்றன என்று 2002-இல் எழுதினார். பாருய்ப்பூர் வட்டாரத்தில் 11 உற்பத்தியாளர்கள் அமைத்த 18 ஆர்சனிக் நீக்கு நிலையங்களை இரண்டாண்டு கண்காணித்து, உலக சுகாதார நிறுவனத்தின் அளவை ஒன்றுகூட இடையறாது காக்கவில்லை என்று 2005-இல் அவர் குழு அறிவித்தது. வங்காளத்தில் மழைக்கும் ஆற்றுக்கும் குறைவில்லை. அவற்றின் நீரைத் தூய்மைசெய்து தாருங்கள் என்பதே அவர் விடாது சொன்ன வழி.

இனி நம் இல்லத்தரசிகளுக்குச் சில சொற்கள். நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாயிருப்பதும் நம் கிணற்றுக்குச் சான்றாகாது. இரண்டு கிணறுகள் அடுத்தடுத்து இருந்தும் ஒன்று நல்லதாகவும் மற்றது நஞ்சாகவும் இருப்பதுண்டு. ஹூக்ளி ஆற்று நீரைத் தூய்மைப்படுத்தி நகரசபை அனுப்பும் குழாய் நீர் வேறு, கட்டடத்துக்கடியில் துளையிட்டு எடுக்கும் நீர் வேறு. நகர எல்லைக்குள்ளேயே 77 வார்டுகளின் கைப்பம்புகளில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் கண்டதாக 2017-இல் அவர் குழு வெளியிட்டது. ஆகவே வீட்டுக்காரரிடம், நீர் எங்கிருந்து வருகிறது, எப்போது ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

மற்றொன்று நம் சமையலறையைச் சேர்ந்தது. நஞ்சு நீர் பாய்ந்த வயலில் விளைந்த அரிசியிலும் ஆர்சனிக் ஏறுகிறது. 2006-இல் இக்குழுவினரே அரிசியைப் பல முறைகளில் சமைத்துப் பார்த்தனர். கழுநீர் தெளியும் வரை களைந்து, அரிசிக்கு ஆறு பங்கு நீர் வைத்து, வெந்தபின் கஞ்சியை வடித்துவிட்டால், அரிசியிலிருந்த ஆர்சனிக்கில் நூற்றுக்கு 57 பங்கு வரை நீங்கியது. பாதி கழுநீரோடும் பாதி கஞ்சியோடும் சென்றது. சமைக்கும் நீர் நல்ல நீராயிருந்தால்தான் இப்பயன் கிட்டும். பிரஷர் குக்கரில் அளந்து நீர் வைத்து, சொட்டும் வீணாகாமல் சமைக்கும் நம் மகளிர், பாட்டிமார் வடிதட்டைத் தேடி எடுத்தால் நமக்கு மறுப்பில்லை. வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கும் பழக்கம் மட்டும் இந்த அரிசிக்கு ஆகாது.

சக்கரவர்த்தி 2018-இல் காலமானார்.