அலெக் ஸ்டூவர்ட்டும் மூணு நம்பர் சார்ட்டும்

இங்கிலாந்து விக்கெட் கீப்பர் அலெக் ஸ்டூவர்ட் பிறந்தது 8-4-63. டெஸ்ட்டில் அவர் எடுத்த மொத்த ரன் 8463. நம்பலைன்னா தேடிப் பாருங்க.

இந்த மாதிரி சமாச்சாரங்களைப் பொறுக்கிச் சேர்க்கிறதுதான் என் பொழுதுபோக்கு. சாரல் ஆரம்பிச்சா ஊரே குற்றாலத்துக்கு ஓடும், நான் ஸ்கோர்கார்டோட உட்கார்ந்துடுவேன்.

நம்ம சேப்பாக்கத்தையே எடுத்துக்குங்க. 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்டிலேயே 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். அதுக்கு முன்னாடி அறிமுக டெஸ்ட்டில் 16 எடுத்தவர் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி, 1972-ல் லார்ட்ஸில். அவர் கொடுத்தது 137. ரெண்டு பேருமே இன்னிங்ஸுக்கு எட்டு எட்டு. அப்புறம் ரெண்டு பேருமே சீக்கிரம் காணாமல் போனது தனிக்கதை.

இன்னொண்ணு. 1877-ல் மெல்போர்னில் நடந்த முதல் டெஸ்ட்டில் இங்கிலாந்தை ஆஸ்திரேலியா ஜெயிச்சது 45 ரன்னில். 1977 நூற்றாண்டு டெஸ்ட், அதே மைதானம், அதே அணிகள், அதே 45!

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒண்ணும் இல்லைங்க. ஆயிரக்கணக்கான ஆட்டம், ஒவ்வொண்ணிலும் நூற்றுக்கணக்கான எண். எதை எதோட வேணாலும் ஒப்பிடலாம்னு உட்கார்ந்தா சிலது பொருந்தித்தான் தீரும். 45 வரும்னு 1977-ல் ஆட்டத்துக்கு முன்னாடி யாரும் சொல்லலை, முடிஞ்ச பிறகுதான் வாயைப் பிளந்தோம். மைதானத்தில் 22 ஆட்டக்காரர், 2 அம்பயர். இந்த 24 பேரில் யாராவது ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு சுமார் 54 சதவீதம். 40 பேர் இருக்கிற கிளாஸ்னா 89. கேட்டுப் பாருங்க.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, எங்க ஊர்ப்பக்கம் எண்களோட விளையாடுற இன்னொரு கூட்டம் இருக்கு. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை பண்ணியாச்சு. ஆனா செங்கோட்டை, புளியரை தாண்டினா ஆரியங்காவு, அங்கே கேரள லாட்டரி சட்டப்படியே கிடைக்கும். அந்தக் குலுக்கலோட கடைசி மூணு இலக்கத்தை வைத்து இங்கே திருட்டுத்தனமா மூணு நம்பர் ஆட்டம். கூடவே பழைய முடிவுகளைக் கட்டம் கட்டி "கெஸ்ஸிங்" சார்ட். "பார், போன மாசம் வந்த நம்பரே திரும்ப வந்திருக்கு" என்று சிவப்பு மையில் ஒரு வட்டம்.

கணக்கு போடுவோம். 000 முதல் 999 வரை ஆயிரம் எண். வெறும் 38 குலுக்கல் நடந்தாலே, அதில் ஏதாவது ஒரு எண் ரெண்டு தடவை வந்திருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு. அதாவது அந்தச் சிவப்பு வட்டம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்படணும். ஆனா நாளைக்கு நீங்க சொல்ற எண் வர வாய்ப்பு என்னைக்கும் ஆயிரத்தில் ஒண்ணு. நேத்து வந்திருந்தாலும் அதேதான், வருஷமா வராட்டியும் அதேதான்.

நான் பண்றதும் சார்ட் போடுறவர் பண்றதும் ஒரே வேலைதான். நான் அடுத்த மேட்ச் மேல பணம் கட்டறதில்லை, அவர் தினக்கூலிக்காரரைக் கட்ட வைக்கிறார்.

உங்க வீட்டில் யாராவது சார்ட் வாங்கினா சண்டை போடாதீங்க. பழைய ரிசல்ட் எல்லாம் அவங்க கையிலேயே இருக்கும். 38 நாள் முடிவுகளை வரிசையா எழுதி, இந்த ஒரு கணக்கை மட்டும் கூடவே உட்கார்ந்து போட்டுக் காட்டுங்க.