கைம்பெண்ணின் வழக்கும் கடவுளின் சித்தமும்

நாட்றாம்பாளையத்து மக்களுக்கு இதய அறுவை என்றால் ஓசூரைத் தாண்டிப் பெங்களூர்தான். போனவர் பிணமாகத் திரும்பினால், “எல்லாம் ஆண்டவருடைய சித்தம்” என்கிறது துக்க வீடு. மருத்துவமனையிடம் விளக்கம் கேட்கும் மனைவியோ விசுவாசம் குறைந்தவளாகிறாள். இது பக்தியன்று, மனிதரின் கவனக்குறைவை இறைவன்மேல் சுமத்தும் பழிச்சொல் என்போம் நாம். நேர்மையற்ற நடுவனிடம் விடாது முறையிட்ட கைம்பெண்ணை இயேசு கடிந்துகொள்ளவில்லை. மன்றாட்டுக்கே அவளை முன்மாதிரியாக்கினார்.

மருத்துவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. எல்லாச் சாவும் குற்றமன்று. பெருங்கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவர்மேல் குற்றவழக்கு நில்லாது என 2005-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இழப்பீட்டுக்கான வழியோ வேறு. கட்டணம் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என 1995-இலேயே அம்மன்றம் தீர்ப்பளித்தது. கொல்கத்தாவில் தவறான சிகிச்சைக்கு உள்ளாகி 1998-இல் இறந்த அனுராதா சாகாவின் கணவருக்கு, 2013-இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் வழங்க அது ஆணையிட்டது. ஆனால் அவரே ஒரு மருத்துவர். மலைக்கிராமத்துக் கைம்பெண்ணுக்கு யார் துணை?

சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்துள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. 2 ஆண்டுகளுக்குள், தாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. இவற்றை எடுத்துச் சொல்லாமல், அடக்கத் திருப்பலியோடு கடமை முடிந்ததென எண்ணும் பங்கு எத்தகையது? அந்த நடுவனாவது கடைசியில் அவளுக்கு நீதி வழங்கினான்.