கடிதம் யாருக்கு?

ஆறாம் வகுப்பு மாணவியரின் கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது ஆண்டுதோறும் நமக்கு ஒரு வியப்பு ஏற்படுவதுண்டு. ‘நீ கண்டு களித்த சுற்றுலா பற்றித் தோழிக்குக் கடிதம் எழுதுக’ என்பது வினா. நாற்பது மாணவியரும் உதகைக்குச் சென்று வந்திருக்கிறார்கள்! நாற்பது பேரும் தாவரவியல் பூங்காவின் எழிலில் மெய்ம்மறந்திருக்கிறார்கள். நாற்பது பேருக்கும் ஒரே தோழிதான். அவள் குடியிருப்பது உரைநூலில். பாவம், அவளுக்கு இதுவரை ஒரு கடிதமும் போய்ச் சேர்ந்ததில்லை!

இடம், நாள், விளி, செய்தி, முடிவு, உறைமேல் முகவரி எல்லாம் சரியாக இருப்பதால் மதிப்பெண்ணும் வழங்கிவிடுகிறோம். குற்றம் குழந்தைகளுடையது அன்று. கடிதத்தின் உடலைக் கற்பித்து உயிரை மறந்த நம்முடையதே.

நம் ஊரில் கடிதம் எழுத ஆளா இல்லை? திருப்பூர் வெளியூராரின் உழைப்பாலும் வளர்ந்த ஊர். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கங்களிலிருந்து பனியன் கம்பெனிகளை நாடி வந்த குடும்பங்கள் பல. பின்னர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தனர். ஓவர்லாக்கில் தைக்கும் தாய்க்கும், கட்டிங் மேசை முன் நிற்கும் தந்தைக்கும் சொந்த ஊரில் உறவு உண்டு. பேத்தியை எண்ணித் திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பத்தா அங்கே இருக்க, அந்தப் பேத்தி இங்கே உரைநூல் தோழிக்கு எழுதிக் கொண்டிருக்கிறாள்.

“கைப்பேசி இருக்கையில் கடிதம் எதற்கு?” எனப் பெற்றோர் கேட்கலாம். ஒன்றரை ஷிப்டு முடித்துக் களைத்து வந்து பேசும் பேச்சில், ‘சாப்பிட்டாயா, உடம்புக்கு எப்படி, பணம் வந்ததா’ என்பதற்கு மேல் நேரம் ஏது? எழுத உட்காரும் குழந்தையோ, எதிரில் இல்லாத ஒருவரை மனக்கண்முன் நிறுத்தி, ‘இவர் எதை அறிய விரும்புவார்? எதைக் கேட்டால் மகிழ்வார்?’ என்று எண்ண வேண்டியிருக்கிறது. பிறரை எண்ணிப் பார்க்கும் இப்பழக்கம் பள்ளிக்கு வெளியேயும் உதவுமன்றோ!

1928-ஆம் ஆண்டுக் கோடையில் முசூரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு நேரு அலகாபாத்திலிருந்து கடிதங்கள் எழுதினார். பூமி பிறந்த கதையையும் மனிதன் வளர்ந்த கதையையும் ஒரு சிறுமிக்கு விளங்கும் சொற்களில் சொன்னார். மறு ஆண்டே அவை நூலாயின. ஒருத்திக்காக எழுதியதே ஊருக்கும் பயன்பட்டது.

1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, பின்னர் மொலுக்கஸ் தீவுகள் வரை சென்ற புனித சவேரியார், தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்முடனேயே வைத்திருந்தார். அன்பரின் கையெழுத்து அவருக்கு அன்பரே போலத் துணை நின்றது.

ஆதலின் வகுப்பில் நாம் செய்ய வேண்டுவது எளிது. மாணவி உண்மையான ஒருவரைத் தேர்ந்து கொள்ளட்டும். முதலில் அவர் நலம் கேட்கட்டும். பிறகு தான் கண்ட ஒன்றைச் சொல்லட்டும். ‘திருப்பூர் சிறந்த தொழில் நகரம்’ என்பது கட்டுரை. ‘பனியன் வேஸ்ட்டில் அம்மா தம்பிக்கு ஒரு பொம்மை செய்து தந்தாள்’ என்பது கடிதம். ஒடியாவோ இந்தியோ எழுதத் தெரிந்தவள் அம்மொழியிலேயே எழுதட்டும். கடித முறை எல்லா மொழிக்கும் பொதுவன்றோ! 1972 ஆகஸ்டு 15 முதல் வழக்கிலுள்ள ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணையும் விசாரித்து எழுதிப் பெட்டியில் போடட்டும். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாதே என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டும். அக்கடிதம் அங்கும் ஒரு குழந்தையை வாசிக்க வைக்கும்.

இறுதியாக, சற்றுத் தயக்கத்துடன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பயிற்சிக் கடிதத்தை ஏட்டில் திருத்துவோம். ஆனால் அனுப்பவேண்டிய கடிதத்தை அவள் மடித்து ஒட்டிய பின், ஆசிரியரோ விடுதிப் பொறுப்பாளரோ பெற்றோரோ பிரித்துப் பார்க்கலாகாது. முகவரியை மட்டும் சரிபார்த்தால் போதும். ‘தவறாக ஏதேனும் எழுதிவிட்டால்?’ என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் அன்பினால் வருவதே. ஆயினும் யாருக்கு எழுதுகிறாள் என்பது உறைமேலேயே தெரிகிறதே! பிறர் பார்ப்பார் என்று அஞ்சும் குழந்தை உரைநூலைத்தான் எழுதும். தன்னை நம்புகிறார்கள் என்று உணர்ந்த குழந்தையே தன் மனத்தை எழுதும்.

பெற்றோரே, ஓர் உள்நாட்டுக் கடிதத் தாளுக்கு ஒரு தேநீரின் விலைகூட ஆகாது. வரும் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும்போது உங்கள் மகளுக்கு அதில் ஒன்று வாங்கி வாருங்கள். மாணவியரே, எழுதுங்கள். உங்கள் கையெழுத்துக்காக ஒருவர் வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்.