மழைக்கு நிற்கும் ஜாவா

மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையில் உற்பத்தி 1996இல் நின்றது. அங்கே பிறந்த ஜாவாக்களும் எஸ்டிகளும் இன்றும் ஓடுகின்றன, மழை வராதவரை. தூறல் விழுந்ததும் இன்ஜின் இருமுகிறது. கொஞ்ச தூரத்தில் நின்றே போகிறது. உரிமையாளர் கார்புரேட்டரைப் பிரிக்கிறார், காயிலை மாற்றுகிறார், கடைசியில் வண்டியையே தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறார். பல சமயம் குற்றவாளி, பிளக்கின் தலையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் கேப்தான்.

காயிலிலிருந்து வரும் பல ஆயிரம் வோல்ட்டை வழியில் சிந்தாமல் பிளக்கிடம் சேர்ப்பது அதன் வேலை. பழைய பேக்கலைட்டில் மயிரிழை விரிசல் விட்டால் ஈரம் இறங்கும். மின்சாரம் பிளக்கை விட்டுவிட்டு இன்ஜின் உடலுக்குத் தாவும். இருட்டில் ஸ்டார்ட் செய்தால் நீலப் பொறி காட்டிக்கொடுத்துவிடும். (தொட்டுப் பார்ப்பவருக்கு இருட்டு தேவையில்லை.) பழமை அழகுக்காகச் சிலர் தேடிப் பிடிக்கும் உலோக உறை கேப் மழைக்கு இன்னும் மோசம். பொறி தாவ வேண்டிய உலோகம் பக்கத்திலேயே இருக்கிறது. இரு முனையிலும் இறுக்கமான ரப்பர் உள்ள சாதாரண கறுப்பு கேப்பே மேல்.

அடுத்த குழப்பம் மின்தடை. பொறி கிளப்பும் ரேடியோ இரைச்சலை அடக்க, பல கேப்களுக்குள் 5,000 ஓம் மின்தடை வைக்கிறார்கள். என்.ஜி.கே. கேப்பின் பெயரில் வரும் '05' அதைத்தான் சொல்கிறது. பிளக்கிலும் மின்தடை இருக்கலாம்: பி8இஎஸ் பிளக்கில் கிடையாது, பிஆர்8இஎஸ்ஸில் உண்டு. அந்த 'ஆர்' எழுத்தைக் கவனிக்காமல் இரண்டையும் சேர்ப்பவர்கள் ஏராளம்.

மின்தடை பொறியைக் கொன்றுவிடும் என்று டெல்லி கரோல்பாக்கிலிருந்து பெங்களூர் ஜே.சி. சாலை வரை சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அது பாதி உண்மை. நல்ல நிலையில் உள்ள 5,000 ஓம் கேப் எந்த வண்டியையும் நிறுத்தாது. வயதான கேப்பின் மின்தடை கருகி 20,000, 30,000 ஓம் என்று ஏறுவதுதான் வினை. மல்டிமீட்டரின் ஒரு முள்ளை ஒயர் செருகும் பக்கமும் மறு முள்ளைப் பிளக் பக்கமும் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே புதியதையும் அளந்து பார்க்கலாம். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாயின்ட் வைத்த பழைய புல்லட், ஜாவா போன்றவற்றுக்கு மின்தடை ஓரிடத்தில் இருந்தால் போதும், கேப்பில் அல்லது பிளக்கில். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தியவர்கள் மின்தடையே இல்லாத கேப்பைப் போடக் கூடாது. இரைச்சல் அந்தச் சிறு பெட்டியையே குழப்பிவிடக்கூடும். இரண்டு சிலிண்டர் ராஜ்தூத் 350க்கு ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் எந்த சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மாட்டும்போது ஒயரின் நுனியையும் பார்க்க வேண்டும். செம்பு பச்சை பூத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு, கேப்பின் திருகு செம்பு இழைகளின் நடுவில் ஏறும்படி திருக வேண்டும். கார்களுக்கான கார்பன் ஒயரில் அந்தத் திருகு பிடிக்காது.