தொழிலாளி என்று சொல்லக் கூசும் விமானிகள்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, தொலைக்காட்சிகள் விமான நிலையங்களில் குவிந்து கிடந்த பெட்டிகளைக் காட்டின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கவில்லை. இதற்கான காரணம் ஒன்றும் பெரிய மர்மம் அல்ல. விமானிகளுக்குப் போதிய ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கேற்ற எண்ணிக்கையில் விமானிகளை வைத்துக்கொள்ள, உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் அந்த நிறுவனம் அக்கறை காட்டவில்லை.

விதி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகிறது. இரவு நேரத்தில் தரையிறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைகிறது. விமான நிறுவனங்கள் முரண்டு பிடிக்க, அது தள்ளிப் போடப்பட்டது. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய பிறகே, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதம்தான். குழப்பம் வந்ததும் அரசு இண்டிகோவுக்கு மட்டும் இரவுப் பணி விதிகளில் பிப்ரவரி வரை விலக்கு அளித்தது. தப்பு செய்தது நிர்வாகம். அதற்காகப் பறிக்கப்பட்டது விமானியின் தூக்கம்.

இந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியவர்கள் இண்டிகோ விமானிகள். ஆனால் அவர்கள் சார்பில் நிர்வாகத்தோடு மேசையில் உட்கார்ந்து பேச, அங்கீகரிக்கப்பட்ட சங்கம் ஒன்று அங்கே இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஊதியம் வெட்டப்பட்டதை எதிர்த்து 2022 ஏப்ரலில் வேலைநிறுத்தத்துக்குத் தயாரான சில விமானிகளை நிர்வாகம் இடைநீக்கம் செய்தது. பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டியதுதானே என்பார்கள். 2017ஆம் ஆண்டு விதிப்படி ஒரு கேப்டன் விலக வேண்டுமானால் ஓராண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். துணை விமானி ஆறு மாதங்களுக்கு முன்பு. உரிமம் வாங்க அரைக் கோடிக்கும் மேல் கடன்பட்டு வந்த இளைஞன், தனியாளாக நின்று எதைப் பேரம் பேசுவான்?

‘மாதம் பல லட்சம் வாங்குகிறவர்களுக்காக நாம் ஏன் மாரடிக்க வேண்டும்? மலக்குழியில் இறங்குகிறவனுக்கே சங்கம் இல்லை’ என்று என்னிடம் கேட்கும் தோழர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தால் லாபம் அடைகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். ‘இவர்கள் வசதியானவர்கள், இவர்களுக்கு எதற்குச் சங்கம்’ என்று முதலாளி சொல்வதைத்தான் நாமும் திருப்பிச் சொல்கிறோம். தூக்கமில்லாமல் விமானம் ஓட்டுகிறவரின் ஊதியச் சீட்டில் எத்தனை பூஜ்ஜியம் இருந்தாலும், பின்னால் உட்கார்ந்திருக்கும் 180 பேருக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

உண்மையான தடை வேறொன்று. விமானி தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறார். நிர்வாகமும் அதையே விரும்புகிறது. தொழில் தகராறுச் சட்டம் 1947லும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பிலும், தொழில்நுட்பத் திறன் சார்ந்த வேலை செய்பவர் தொழிலாளிதான். ஆனால் ‘மேற்பார்வையாளர்’ என்று முத்திரை குத்தி, அவர் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார் என்று காட்டிவிட்டால், புதிய தொகுப்பின் வரையறைக்கு வெளியே தள்ளிவிடலாம். எந்தக் கேப்டன் பதினெட்டாயிரத்துக்கு வேலை பார்க்கிறார்? ஆகவே ‘நீ அதிகாரி, நீ தலைவன், நீ தொழிலாளி அல்ல’ என்ற புகழ்ச்சி சட்டத்தில் ஒரு கத்தியாகிறது. பெருமையாகத் தலையாட்டுகிறவர் தன் கழுத்தைத்தான் நீட்டுகிறார்.

2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் தேசிய விமானிகள் கில்டு என்ற பெயரில் சங்கம் அமைத்தார்கள். முன்னணியில் நின்ற இருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். செப்டம்பர் 8 முதல் ஐந்து நாட்கள் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒன்றாக ‘உடல்நலமில்லை’ என்று விடுப்பு எடுத்தார்கள். நீக்கப்பட்டவர்களை நிர்வாகம் திரும்ப எடுத்துக்கொண்டது. வென்றார்கள், ஆனால் ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லை வாயில் எடுக்காமல் வென்றார்கள். அதற்குச் சட்டக் காரணமும் உண்டுதான். ஆனாலும் பஞ்சாலைத் தொழிலாளி நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன சொல்லைச் சொல்ல, வெள்ளைச் சட்டைக்கு ஏன் காய்ச்சல் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

இந்தக் கூச்சத்துக்குச் சாதி என்று பெயர். உழைப்பை இழிவாக்கி, உழைக்கிறவரைத் தீட்டாக்கிய ஒரு சமூகத்தில் ‘தொழிலாளி’ என்பது வேலையைக் குறிக்கும் சொல் அல்ல, அந்தஸ்தைக் குறிக்கும் சொல். சாதி வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிக்கும் பிரிவினை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான்.

2025 ஜூனில் வெளிவந்த ஒரு புகாரை இதோடு சேர்த்துப் பாருங்கள். இண்டிகோவில் பணியாற்றிய பட்டியல் சாதியைச் சேர்ந்த பயிற்சி விமானி ஒருவர், குருகிராம் அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரிகள் தன்னைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாகக் காவல்துறையிடம் புகார் அளித்தார். விமானம் ஓட்டும் தகுதி உனக்கில்லை, போய்ச் செருப்புத் தை என்ற பொருளில் பேசினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. நிறுவனம் எல்லாவற்றையும் மறுத்தது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் கவனிப்பது அந்த வசையின் இலக்கணத்தை. செருப்புத் தைப்பது கேவலம் என்று நம்புகிற மனம்தான், ‘நானும் தொழிலாளி’ என்று சொல்லவும் வெட்கப்படுகிறது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன.

அந்தப் பயிற்சி விமானி நிறுவனத்தின் மேலிடத்தில் முறையிட்டும் பலனில்லை என்று சொல்கிறார். அன்று ஒரு சங்கம் இருந்திருந்தால் அவர் பக்கம் நின்றிருக்குமா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1928 பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தம் நமக்கு நினைவிருக்க வேண்டும். கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. ஓடத்தில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால் தீட்டாகிவிடுமாம். முதலாளியை எதிர்த்துத் தோளோடு தோள் நின்ற சாதி இந்துத் தொழிலாளிகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. நெசவுப் பகுதியைத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்காவிட்டால் எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தத்துக்கு வரமாட்டார்கள் என்று அம்பேத்கர் எச்சரித்த பிறகே, அது வேண்டாவெறுப்பாகப் பட்டியலில் ஏறியது.

இதை வைத்து அவர் சங்கங்களுக்கு எதிரி என்று சொல்கிறவர்கள் பத்தாண்டு தள்ளிப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க வந்த பம்பாய் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர். 1943இல் வைஸ்ராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினராக, சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவரே. சங்கம் வேண்டும், சங்கத்துக்குள் நெசவுப் பகுதி வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் அவர் கேட்டார்.

இண்டிகோ விமானிகள் சங்கம் தொடங்கட்டும், உடனே தொடங்கட்டும். புதிய தொகுப்பின்படி 51 விழுக்காடு ஊழியர்கள் சேர்ந்தால் அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். அந்த 51ஐ எட்ட வேண்டுமானால், கடன் வாங்கிப் படித்து வந்த முதல் தலைமுறை விமானியும் அதில் சேர வேண்டும். அவர் ஏன் சேர வேண்டும் என்பதற்குச் சங்கம் பதில் சொல்ல வேண்டும். ‘சாதிப் பிரச்சினை தனிப்பட்ட விஷயம், முதலில் ஓய்வு நேரத்தைப் பேசுவோம்’ என்று தள்ளிப்போட்டால் அது பதிலாகாது. பயிற்சியில் ஒருவர் தேறினாரா, கேப்டனாக உயர்வாரா என்பதெல்லாம் மூத்தவர்களின் மதிப்பீட்டில் தொங்குகிறது. அந்த மதிப்பீட்டை எதிர்த்து முறையிட வழி என்ன, விசாரிக்கும் குழுவில் தலித், பழங்குடி விமானிகள் இருப்பார்களா என்பவை 48 மணி நேர ஓய்வுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டிய கோரிக்கைகள்.

இன்னொன்றும் உண்டு. ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை அதன் பணியிடங்களுக்கு இடஒதுக்கீடு பொருந்தியது. 2022 ஜனவரி 27 அன்று டாடாவின் கைக்குப் போனதோடு அதுவும் போயிற்று. இன்று இந்திய வானத்தில் பறக்கும் பெரிய விமான நிறுவனம் எதிலும் இடஒதுக்கீடு இல்லை. காக்பிட்டில் யார் உட்காரலாம் என்பதை அப்பனின் வங்கிக் கணக்கு தீர்மானிக்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டு முதல் தீர்மானம் போடும் விமானிகள் சங்கம் எதுவென்று பார்க்கக் காத்திருக்கிறேன்.